'காலையில நடந்தாச்சே, ஒரு தோசை சாப்பிட்டா என்ன?' – வாக்கிங் கணக்கு எங்கே இடிக்கிறது?

பெங்களூரு லால்பாக்கில் விடிவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிவைத்த தோட்டம், இன்று சுமார் 240 ஏக்கர். உள்ளே வேக நடை, யோகா, மூச்சுப் பயிற்சி எல்லாம் நடக்கும். வெளியே வந்தால் இன்னொரு காட்சி. லால்பாக் சாலையிலேயே 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர் இருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் காந்தி பஜாரில் 1943 முதல் தோசை போடும் வித்யார்த்தி பவன். இவை தவிர தெருவுக்குத் தெரு தர்ஷினிகள்.

நடந்து முடித்தவர்களில் பலர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. "இன்னைக்குத்தான் நாலு ரவுண்டு நடந்தாச்சே, ஒரு மசாலா தோசை சாப்பிட்டா என்ன ஆகிடும்?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கூட இருப்பவர்களும் தலையாட்டுவார்கள்.

பெங்களூரு மட்டும் இல்லை. மெரினாவில் நடப்பவர்கள், கோவை ரேஸ்கோர்ஸில் நடப்பவர்கள், வீட்டு மொட்டை மாடியில் நடப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சமாதானம் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ள நாம் எடுக்கும் முயற்சியே, உடம்புக்கு ஆகாததைச் செய்ய ஒரு சாக்காக மாறுவது எப்படி? அந்த ஒரு தோசை உண்மையிலேயே பிரச்னையா? விளக்கமாகப் பார்க்கலாம்.

இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா?

இருக்கிறது. உளவியலில் இதை 'செல்ஃப் லைசென்சிங்' என்கிறார்கள். நமக்கு நாமே லைசென்ஸ் கொடுத்துக்கொள்வது என்று பொருள். ஒரு நல்ல காரியம் செய்தவுடன், "நான் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டேன், இனி கொஞ்சம் சலுகை எடுத்துக்கொள்ளலாம்" என்று மனசு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது.

இது பசியால் வருவது இல்லை. பசித்தவர் காரணம் தேட மாட்டார், சாப்பிட்டுவிடுவார். அப்போதைக்குத் தேவை இல்லாத ஒன்றைச் சாப்பிட ஆசை வரும்போதுதான் காரணம் தேவைப்படுகிறது. காலை வாக்கிங் அதற்கு ரொம்ப வசதியான காரணம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2005-ல் அய்லெட் ஃபிஷ்பாக், ரவி தார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டயட்டில் இருப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இலக்கு எடைக்கும் இப்போதைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் அளவுகோலில் குறிக்கச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த அளவுகோல், அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும்படி அமைந்திருந்தது. அதாவது, "பரவாயில்லையே, நல்லாத்தான் முன்னேறியிருக்கோம்" என்ற எண்ணம் வரும்படி. கடைசியில், கிளம்பும்போது ஆப்பிள் வேண்டுமா சாக்லேட் வேண்டுமா என்று கேட்டார்கள். முன்னேறிவிட்டதாக நினைத்தவர்களில் 85% பேர் சாக்லேட்டை எடுத்தார்கள். மற்றவர்களில் 58% பேர்தான் எடுத்தார்கள்.

இத்தனைக்கும் யாருக்கும் அங்கே எடை குறையவில்லை. 'முன்னேறிவிட்டோம்' என்ற நினைப்பு மட்டுமே போதுமானதாக இருந்தது.

2011-ல் தைவானில் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. எல்லோருக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் மட்டும் "இது மல்டி வைட்டமின்" என்று சொன்னார்கள். அப்படி நம்பியவர்கள் ஆர்கானிக் சாப்பாட்டைவிட பஃபே விருந்தை விரும்பினார்கள். மற்றவர்களைவிடக் குறைவாகவும் நடந்தார்கள். வைட்டமின் போட்டாச்சு, இனி உடம்பு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. நல்லது செய்துவிட்டு அதன் பேரில் சலுகை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பற்றிய 91 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் அலசல் வெளியானது. விளைவு இருப்பது உண்மை, ஆனால் அது சிறியதிலிருந்து நடுத்தர அளவுக்குள்தான் என்று அது சொன்னது. எல்லோரும் எல்லா நேரமும் இப்படி நடந்துகொள்வதில்லை. ஆனால் தினமும் காலையில் திரும்பத் திரும்ப வரும் பழக்கம் என்றால், சின்ன விளைவும் மாசக் கணக்கில் சேர்ந்துவிடும்.

45 நிமிடம் நடந்தால் எவ்வளவு கலோரி செலவாகும்?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கையில் ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் உடம்பு மணிக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவழிக்கிறது. மிதமான வேகத்தில் நடந்தால் அது சுமார் மூன்றரை மடங்கு ஆகும். 70 கிலோ எடை உள்ளவர் 45 நிமிடம் நடந்தால்:

3.5 × 70 × 0.75 = சுமார் 184 கலோரி.

ஆனால் அதே 45 நிமிடம் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் 52 கலோரி போயிருக்கும். அதைக் கழித்தால், நடந்ததால் கூடுதலாகச் செலவானது சுமார் 130 கலோரிதான்.

இப்போது மறுபக்கம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. ஒரு டேபிள் ஸ்பூன், அதாவது 15 கிராம் நெய்யில் கிட்டத்தட்ட 130 கலோரி. ஆக, முக்கால் மணி நேரம் வியர்க்க நடந்தது ஒரு டேபிள் ஸ்பூன் நெய்க்குச் சரியாகப் போய்விட்டது. தோசையின் மாவையும் உள்ளே வைக்கும் உருளைக்கிழங்கு பல்யாவையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. பெங்களூருவின் பெருமையான 'பெண்ணெ தோசை', பெயரிலேயே வெண்ணெயை வைத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேசரி பாத் எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் 30 கிராம் சர்க்கரை, 15 கிராம் நெய் இருப்பதாக வைத்துக்கொண்டால், ரவையைச் சேர்க்காமலே சுமார் 250 கலோரி. கிட்டத்தட்ட இரண்டு நாள் வாக்கிங்.

நாம் ஏன் இதைத் தப்பாகக் கணிக்கிறோம்?

வியர்வை நம்மை ஏமாற்றுகிறது. 2010-ல் கனடாவில் ஓர் ஆய்வு நடந்தது. சரியான எடையில் இருந்தவர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, "எத்தனை கலோரி செலவாகியிருக்கும்?" என்று கேட்டார்கள். உண்மையைவிட 3 முதல் 4 மடங்கு அதிகமாகச் சொன்னார்கள். "சரி, செலவான அளவுக்கு மட்டும் சாப்பிடுங்கள்" என்று பஃபேவில் விட்டபோது, செலவானதைப்போல 2 முதல் 3 மடங்கு சாப்பிட்டார்கள்.

கடின உழைப்பு மாதிரித் தோன்றியதால் செலவும் பெரிதாகத் தோன்றியது. தர்ஷினியில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பதால் வரவு சின்னதாகத் தோன்றுகிறது. 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய 'கஃபே தர்ஷினி' காட்டிய வழி இது: நின்றுகொண்டே சாப்பாடு, குறைந்த விலை, சடுதியில் வேலை முடியும். ஊருக்கு இது பெரிய வசதி. ஆனால் விலையும் நேரமும் குறைவாக இருப்பதால், சாப்பிட்டது 'சாப்பாடு' என்றே மனசில் பதிவதில்லை. வீட்டுக்கு வந்து "காலை டிபன் ரெடியா?" என்று கேட்பவர்கள் உண்டு.

நடந்தும் எடை குறையாததற்கு இதுதான் காரணமா?

பெரும்பாலும் இது ஒரு காரணம். 2009-ல் அமெரிக்காவில் உடல் எடை கூடிய, உடற்பயிற்சி பழக்கம் இல்லாத 464 பெண்களை ஆறு மாதம் கவனித்தார்கள். ஒரு பிரிவினர் பயிற்சி செய்யவில்லை. மற்ற மூன்று பிரிவினர் வாரத்துக்குச் சுமார் 72, 136, 194 நிமிடங்கள் பயிற்சி செய்தார்கள். முதல் இரண்டு பயிற்சிப் பிரிவினருக்கும் எதிர்பார்த்த அளவுக்கு எடை குறைந்தது. ஆனால் மிக அதிகமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு 2.7 கிலோ குறைய வேண்டிய இடத்தில் 1.5 கிலோதான் குறைந்தது.

மீதி எங்கே போனது? உடம்போ மனசோ வேறு எங்கேயோ அதை ஈடுகட்டிக்கொண்டது. கூடுதலாகச் சாப்பிடுவது ஒரு வழி. "காலையில் நடந்துவிட்டோமே" என்று நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது, லிஃப்டில் போவது, பக்கத்துக் கடைக்கு வண்டி எடுப்பது இன்னொரு வழி. ஐடி வேலையில் எட்டு, ஒன்பது மணி நேரம் உட்காரும் ஊரில் இந்த இரண்டாவது வழியைக் கவனிக்க வேண்டும்.

'நாட்டுச் சர்க்கரைதானே', 'ராகி பிஸ்கட்தானே' – இது சரியா?

வாக்கிங்கைப்போலவே 'ஆரோக்கியம்' என்ற வார்த்தையும் அனுமதிச் சீட்டாக வேலை செய்கிறது. 2009-ல் கனடாவின் டொரொண்டோவில் ஒரே ஓட்ஸ் பிஸ்கட்டைச் சிலரிடம் 'ஹெல்த்தி' என்றும், மற்றவர்களிடம் வேறு மாதிரியும் சொல்லிக் கொடுத்தார்கள். 'ஹெல்த்தி' என்று நம்பியவர்கள் 35% அதிகமாகச் சாப்பிட்டார்கள்.

நம் ஊரில் வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் அந்த இடத்தில் இருக்கின்றன. வெல்லத்தில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தச் சர்க்கரையை இரண்டுமே ஏற்றும். "வெல்லம்தானே" என்று ஒரு ஸ்பூன் கூடப் போட்டால், கணக்கு நமக்கு எதிராகத்தான் போகும்.

அதேபோல ராகி களி வேறு, ராகி பிஸ்கட் வேறு. முந்தையது முழு தானியம். பிந்தையதில் ராகியோடு மைதா, சர்க்கரை, கொழுப்பும் இருக்கலாம். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'மொத்த சர்க்கரை', 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

லேபிள் விஷயத்தில் அரசே தலையிட்ட சம்பவமும் உண்டு. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். அதே மாதம் ஹார்லிக்ஸ் தன் பிரிவின் பெயரில் இருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. 2024 ஜூனில், '100% பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

காபியில் போடும் சர்க்கரை எல்லாம் ஒரு கணக்கா?

டம்ளர் சின்னது என்பதால் அப்படித் தோன்றும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம். ஒரு காபிக்கு 2 ஸ்பூன், நாளுக்கு 4 காபி என்றால் 40 கிராம். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 25 முதல் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை போனால் அதிகம் என்கிறது. காபியிலேயே அந்த எல்லை தாண்டிவிடுகிறது. கேசரி பாத், பிஸ்கட், ஆபீஸில் யாராவது கொண்டுவரும் பிறந்தநாள் கேக் எல்லாம் அதற்கு மேல்தான்.

நம் ஆட்களுக்கு இது ஏன் முக்கியம்?

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நடத்திய 'இண்டியாப்' ஆய்வு 2023 ஜூனில் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது 'பார்டர்'ல இருக்காங்க.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் சுமார் 30% பெண்களும் 31% ஆண்களும் உடல் எடை கூடியவர்கள். தமிழ்நாட்டில் பெண்களில் 40%, ஆண்களில் 37%.

இன்னொரு விஷயம், இந்தியர்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். எடை மெஷினைவிடத் தையல்காரர் டேப் சில நேரம் உண்மையைச் சொல்லும்.

'பார்டர்' என்ற கட்டத்தில் இருப்பவருக்கு முன்னால் இரண்டு பாதையும் திறந்திருக்கிறது. அங்கிருந்து திரும்பி வரவும் முடியும், நோய்க்குள் போகவும் முடியும். தினசரிச் சின்னச் சின்ன முடிவுகளுக்கு எடை அதிகம் இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

அப்படின்னா நடக்கறதே வேஸ்ட்டா?

நிச்சயமாக இல்லை. எடை குறையாவிட்டாலும் நடப்பதால் பலன் உண்டு. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை, இதயம் எல்லாவற்றுக்கும் நல்லது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2025-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், நாளுக்கு 2,000 அடி நடப்பவர்களைவிட 7,000 அடி நடப்பவர்களுக்கு மரண ஆபத்து 47% குறைவாகக் காணப்பட்டது.

நடையைக் கலோரி சம்பாதிக்கும் வேலையாகப் பார்ப்பதில்தான் தவறு. அப்படிப் பார்த்தால் சம்பாதித்ததைச் செலவழிக்கத் தோன்றும். நடையின் பலன் நடையிலேயே கிடைத்துவிட்டது. அதற்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

தோசையை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். பிடித்ததைச் சாப்பிடுவது குற்றமும் இல்லை. 'தப்பு பண்ணிட்டோம்' என்று குமைவதும், அதற்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடப்பதும் இன்னும் மோசம். தோசையையும் நடையையும் ஒரே நோட்டில் வரவு செலவாக எழுதாமல் இருந்தால் போதும். அதற்குச் சில வழிகள்:

* நாளை முன்பே முடிவு செய்யுங்கள். "ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே டிபன்" என்று வைத்துக்கொண்டால், நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது உண்டு. மற்ற நாளில், எத்தனை ரவுண்டு போனாலும் இல்லை. பேரம் பேச இடமே இருக்காது.

* கேள்வியை மாற்றுங்கள். "இன்னைக்கு எவ்வளவு செஞ்சேன்?" என்று கேட்டால் சலுகை எடுக்கத் தோன்றும். "நான் எதுக்காக நடக்கிறேன்?" என்று கேட்டால் அடுத்த முடிவும் அதே திசையில் போக வாய்ப்பு அதிகம். முன்னே சொன்ன ஃபிஷ்பாக், தார் ஆய்வின் முக்கியமான முடிவும் இதுதான்.

* சாப்பிட்ட பிறகு நடங்கள். 2016-ல் நியூசிலாந்தில் சர்க்கரை நோய் உள்ள 41 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரே தடவையில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பின் 10 நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12% குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22% குறைவு. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

* இரண்டில் ஒன்றை எடுங்கள். தோசை என்றால் கேசரி பாத் வேண்டாம். வடை என்றால் காபியில் சர்க்கரை வேண்டாம்.

* வெளியே சாப்பிட்டதையும் டிபன் என்றே எண்ணுங்கள். வீட்டில் இன்னொரு முறை இலை போட வேண்டாம்.

'நாளையிலிருந்து கண்டிப்பா டயட்' – இது எப்படி?

இது கடன் வாங்கிச் செலவழிப்பது. செய்து முடித்த நல்ல காரியத்துக்கு மட்டும் இல்லாமல், இனிமேல் செய்யப்போவதாக நினைக்கும் நல்ல காரியத்துக்கும் மனசு இன்றைக்கே அனுமதி கொடுத்துவிடுகிறது. அடுத்த வாரமும் தேர்வு செய்ய வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால், இன்று இனிப்பை எடுப்பவர்கள் கூடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த வாரம் வந்தாலும் நினைத்தபடி பலர் மாறுவதில்லை. "இன்று செய்வதையேதான் நாளையும் செய்வேன்" என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கடைசியாக, அளவைக் குறைக்க வெளிநாட்டு டயட் எதையும் தேட வேண்டியதில்லை. பெங்களூரு ஹோட்டல்களில் "பை டூ" என்று கேட்டால் ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பார்கள். யாரும் முறைக்க மாட்டார்கள், அது அந்த ஊர் வழக்கம். காபிக்குச் செய்வதை தோசைக்கும் கேசரி பாத்துக்கும் செய்யலாம். கூட நடக்க வந்தவரிடமே பாதியைக் கொடுத்துவிடுங்கள். ருசி குறையாது, கணக்கும் பாதியாகும்.